மகளுக்குக் கோர்ட் போட்ட ஜீவனாம்சம் இப்போது போதவில்லை, கூட்டிக் கேட்க என்ன வழி?

தாரா அம்மா | 14-9-2024, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

2017-இல் என் மகளுக்கு மாதம் 3,500 ரூபாய் ஜீவனாம்சம் என்று மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஆர்டர் ஆனது. அப்போது அவளுக்கு மூன்று வயது. எனக்கென்று எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு இருந்த கோபம் அப்படி. அவள் அப்பாவை ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். பத்தாம் தேதி போட வேண்டிய பணம் பதினைந்தாம் தேதி ஆகும், ஆனால் வந்துவிடும்.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. ஃபீஸ் வருடத்துக்கு 38,000, வேன் மாதம் 900. இரண்டு வருடமாக வீசிங் வேறு. இன்ஹேலர் எப்போதும் வேண்டும், பனிக்காலத்தில் நெபுலைசர். நான் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 11,000. அவர் அன்றைக்கு மில்லில் ஃபிட்டர், இப்போது வேறு கம்பெனியில் சூப்பர்வைசர். மறுமணம் ஆகி ஒரு பையனும் இருக்கிறான்.

என் சந்தேகங்கள்: ஒரு தடவை போட்ட ஆர்டரை மாற்ற முடியுமா, இல்லை புதிதாகக் கேஸ் போட வேண்டுமா? 2019-இல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனபோது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது குறுக்கே நிற்குமா? அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று சொன்னால் கோர்ட் கேட்குமா?

பழைய குமாஸ்தா | 15-9-2024, காலை 6.15

அம்மா, 27 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், வக்கீல்கள் யாராவது வந்து திருத்தட்டும்.

முதலில் பழைய ஆர்டரைக் கையில் எடுத்து மேலே என்ன நம்பர் என்று பாருங்கள். எம்.சி. என்று இருந்தால் அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு ஜீவனாம்சம். ஹெச்.எம்.ஓ.பி. என்றால் இந்து திருமணச் சட்டம். டி.வி. என்று வந்தால் குடும்ப வன்முறைச் சட்டம். மூன்றிலுமே தொகையை மாற்றக் கேட்கலாம், ஆனால் எந்தச் சட்டத்தில் வாங்கினீர்களோ அதே கதவைத்தான் மறுபடி தட்ட வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எம்.சி.தான். புதிய கேஸ் வேண்டாம், அந்த எம்.சி.யிலேயே உயர்த்தித் தரக் கோரி மனு போட்டால் போதும். இடையில் உங்கள் ஊருக்குக் குடும்ப நல நீதிமன்றம் வந்திருந்தால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போய்ப் பிரயோஜனம் இல்லை, அந்த அதிகாரம் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய்விடும். பழைய வழக்குக் கட்டும் அங்கேதான் இருக்கும். இப்போதே நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். ஏழு வருடத்துக் கட்டைத் தேடி எடுக்க நாளாகும்.

அடுத்தது முக்கியம். கோர்ட் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: ஆர்டர் ஆன அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது? "3,500 அன்றைக்கே போதாது சார்" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. அன்றைய ஆர்டரே குறைவு என்றால் அப்போதே மேல் கோர்ட்டில் ரிவிஷன் (சீராய்வு மனு) போயிருக்க வேண்டும், இந்த மனு அதற்கு இல்லை. ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் 2017, வலது பக்கம் 2024. பிள்ளையின் வயது, படிப்பு, மருந்து, வாடகை, உங்கள் சம்பளம், அவர் வேலை. இரண்டு பக்கமும் எழுதி, வலது பக்கத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். காகிதம் இல்லாத வரியை மனுவில் எழுதினால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார்கள்.

இன்னொன்று, மருந்துக் கடை பில் மெஷினில் வருகிறதே, அந்தத் தாள் நாலு மாதத்தில் வெளுத்துவிடும். ஒரு கட்சிக்காரம்மா பை நிறைய வெள்ளைத் தாள் கொண்டுவந்து மேஜையில் கொட்டினது இன்னும் கண்ணில் நிற்கிறது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, பின்னால் தேதி எழுதி வையுங்கள்.

தாரா அம்மா | 15-9-2024, காலை 9.05

ஐயா, ரொம்ப நன்றி. பில் விஷயம் படித்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பில் போடுகிறேன், என் பிள்ளைக்கு எடுக்கும் மருந்துக்கு ஸ்டாஃப் என்று பில்லே போடாமல் நோட்டில் எழுதிச் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறார்கள். இன்றிலிருந்து பில் போட்டே வாங்குகிறேன்.

மதுரை ஜூனியர் | 15-9-2024, மதியம் 1.30

குமாஸ்தா ஐயா சொன்னதில் திருத்த ஒன்றுமில்லை, பிரிவு எண்ணை மட்டும் புதுப்பிக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 125 இப்போது 144. தொகையை மாற்றும் 127 இப்போது 146. வசூலுக்கான 128 இப்போது 147. உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். ஆர்டர் பழைய சட்டத்தில் என்பதற்காகப் பயப்பட வேண்டாம்.

சகோதரி கேட்ட கையெழுத்து விஷயம். உங்களுக்கு வர வேண்டியதை நீங்கள் விட்டுக் கொடுத்தீர்கள், சரி. பிள்ளைக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு உரிமை இல்லை. மைனரின் ஜீவனாம்ச உரிமை தனி என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்த ஒப்பந்தத்தை மறைக்காமல் நீங்களே மனுவில் குறிப்பிட்டுவிடுங்கள். எதிர்த் தரப்பு எடுத்து நீட்டும்போது நாம் முழிக்கக் கூடாது.

மறுமணம்: இதில் இரண்டு பக்கமும் பொய் சொல்பவர்கள் அதிகம். "இன்னொரு குடும்பம் இருக்கிறது" என்று சொல்லி முதல் பிள்ளையைக் கைவிட முடியாது. அதற்காக அதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள் என்பதும் தப்பு. 2017-இல் கல்யாண் டே சவுத்ரி வழக்கில் ஹைகோர்ட் மாதம் 23,000 ஆக உயர்த்தியதை, அவருக்கு மறுமணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 20,000 ஆகக் குறைத்தது. வாட்ஸப்பில் சுற்றும் "சம்பளத்தில் 25 சதவீதம் சட்டம்" என்ற கதையும் இந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததுதான். அது அந்த வழக்குக்கான அளவுகோல். அப்படி ஒரு சட்டம் இல்லை.

நீங்கள் சம்பாதிப்பதும் கணக்கில் வரும். பத்மஜா சர்மா வழக்கில் (2000) தாய் தந்தை இருவருமே வேலை பார்த்ததால் பிள்ளைகள் செலவை 2-க்கு 1 என்று பிரித்தார்கள். உங்கள் 11,000-ஐ மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, அது உங்களுக்குச் சாதகமான எண்.

நெசவுக்காரன் | 15-9-2024, இரவு 8.50

கூட்டிக் கேட்க ஆயிரம் வழி சொல்கிறீர்கள். குறைத்துக் கேட்கும் ஆம்பளைக்கு என்ன வழி? ஆண் என்றால் ஏடிஎம் மெஷின் என்று நினைப்பு.

வேலன் 77 | 15-9-2024, இரவு 9.30

நெசவுக்காரன் அண்ணன் கேட்டது என் கேள்வியும். நான் சண்டைக்கு வரவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன். 2021-இல் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 8,000 என்று ஆர்டர். அப்போது ஆட்டோ பாகம் செய்யும் கம்பெனியில் 24,000 வாங்கிக்கொண்டிருந்தேன். போன பிப்ரவரியில் ஆள் குறைப்பில் என்னையும் அனுப்பிவிட்டார்கள். இப்போது வாடகைக்கு லோடு வண்டி ஓட்டுகிறேன், டீசல் போக நல்ல மாதத்தில் 15,000 நிற்கும். ஏழு மாதமாக 4,000 மட்டும்தான் அனுப்புகிறேன். அவளிடம் போனில் சொல்லிவிட்டேன், அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

பழைய குமாஸ்தா | 16-9-2024, காலை 6.05

தம்பி வேலன், போனில் சொன்னது கோர்ட்டுக்குக் கேட்காது. ஆர்டரில் 8,000 என்று இருக்கும் வரை மாதம் 4,000 பாக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏழு மாதத்துக்கு 28,000. நாளைக்கே அந்தம்மா வசூல் மனு போட்டால் வாரண்ட் வரும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உள்ளே போய் வந்தாலும் கடன் தீராது, பணம் பணமாகவே நிற்கும். வசூல் மனுவை ஒவ்வொரு தவணையும் கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும், தெரிந்தவர்கள் அதற்குள் போட்டுவிடுவார்கள்.

சம்பளம் போனதா, அந்த வாரமே குறைக்கக் கோரி மனு போட்டிருக்க வேண்டும். பழைய பாக்கியை அந்த மனு அழிக்காது. இனி வரும் மாதங்களுக்குத்தான் அது உதவும். நீ காத்திருந்த ஏழு மாதமும் உன் கணக்கில்தான். இன்றைக்கே வக்கீலைப் பார். அதுவரை கொடுக்கிற 4,000-ஐக் கையில் கொடுக்காதே, பாங்கில் போடு.

மதுரை ஜூனியர் | 16-9-2024, காலை 11.20

நெசவுக்காரன் அவர்களுக்கு: 146-இல் கூட்ட ஒரு பிரிவு, குறைக்க ஒரு பிரிவு என்று இல்லை. பெறுபவர் நிலைமை மாறினாலும் கொடுப்பவர் நிலைமை மாறினாலும் ஒரே வழிதான்.

வேலன், வேலையிலிருந்து அனுப்பிய கடிதம், பி.எஃப். கணக்கு எந்த மாதத்தோடு நின்றது என்ற காகிதம், வண்டி வாடகை ஒப்பந்தம், பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வேண்டும். "வேலை இல்லை, ஒன்றும் தர முடியாது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உடம்பில் தெம்புள்ள ஆள் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அஞ்சு கார்க் வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த் தரப்பு முதல் பக்கத்திலேயே வைப்பார்கள். உங்களுக்கு இருக்கும் நல்ல விஷயமே நீங்கள் சும்மா உட்காராமல் வண்டி ஓட்டுவதுதான். பைக் லோன், சீட்டு, இன்சூரன்ஸ் எல்லாம் கழித்தால் மிச்சம் இவ்வளவுதான் என்ற கணக்கும் அங்கே பெரிதாக எடுபடாது. நாமாக இழுத்துக்கொண்ட கடன் பிள்ளை சாப்பாட்டுக்கு முந்தியா என்று கேட்பார்கள்.

இருவருக்கும் பொதுவானது: ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் (4-11-2020) பிறகு இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். நீளமான படிவம், விவசாயம் செய்பவர்களுக்குத் தனிப் படிவம். இதில் பொய் எழுதினால் பொய்ச் சத்தியத்துக்குத் தனி நடவடிக்கை. வேறு எந்தக் கோர்ட்டிலாவது ஏற்கெனவே ஆர்டர் இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும்.

ரஷீதா | 16-9-2024, மாலை 4.45

தாரா அம்மா, வக்கீல் ஃபீஸ் யோசித்துத் தள்ளிப் போடாதீர்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், இல்லையென்றால் 15100-க்கு போன் செய்யுங்கள். எனக்கு முதலில் கொடுத்த வக்கீல் இரண்டு வாய்தா வரவே இல்லை. எழுதிக் கொடுத்தேன், வேறு ஒருவரைப் போட்டார்கள், அவர் நன்றாகச் செய்தார். இலவசம் என்றால் கேள்வி கேட்கக் கூடாது என்று நினைத்து ஆறு மாதம் வீணாக்கியவள் நான்.

இ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் வழக்குக்கென்று இருக்கும் 16 இலக்க சி.என்.ஆர். நம்பரைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். வக்கீலுக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போக வேண்டாம்.

கௌரி சுந்தரம் | 17-9-2024, காலை 10.10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு அடுத்த மார்ச்சில் 18 முடிகிறது, பிளஸ் டூ. அன்றோடு ஜீவனாம்சம் நின்றுவிடுமா? காலேஜ் அப்போதுதானே ஆரம்பம்?

மதுரை ஜூனியர் | 17-9-2024, மதியம் 2.00

பழைய 125, இன்றைய 144-இன் கீழ் மைனர் வரைதான். உடல், மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு மட்டும் வயது வரம்பு இல்லை. ஆனால் இந்துக்களுக்கு 1956-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று உண்டு, இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். அதன் 20-வது பிரிவில், சொந்த வருமானம் இல்லாத மகளுக்குக் கல்யாணம் ஆகும் வரை தகப்பனிடம் கேட்க உரிமை இருக்கிறது. அபிலாஷா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னது. ஆக, மார்ச் வரை காத்திருந்து பணம் நின்ற பிறகு ஓடாமல், இப்போதே 20-வது பிரிவில் தனி மனுவுக்குத் தயாராகுங்கள். மகனாக இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஏன் என்று என்னிடம் சண்டை போட வேண்டாம், சட்டம் எழுதியது நானில்லை.

நிர்வாகி | 17-9-2024, மாலை 6.00

இழையில் யாரும் வழக்கு நம்பர், முன்னாள் துணையின் பெயர், கம்பெனி பெயர் போட வேண்டாம். இரண்டு பதிவுகளில் இருந்தவற்றை நீக்கியிருக்கிறேன்.

தாரா அம்மா | 2-2-2025, இரவு 11.15

இழையை மறுபடி எழுப்புவதற்கு மன்னிக்கவும், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அக்டோபரில் மனு போட்டேன், இலவச வக்கீல் மூலமாகத்தான். பழைய கட்டு குடும்ப நல நீதிமன்றத்தில்தான் இருந்தது, குமாஸ்தா ஐயா சொன்ன மாதிரியே. முதல் வாய்தாவில் அவர் வரவில்லை, இரண்டாவதில் வந்தார். பிரமாணப் பத்திரத்தில் சம்பளம் 19,000 என்று எழுதியிருந்தார். கம்பெனியிடமிருந்து சம்பள விவரத்தை வரவழைக்க வேண்டும் என்று என் வக்கீல் மனுப் போட்டார். வந்த காகிதத்தில் 31,400 என்று இருந்தது. நீதிபதி அம்மா அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அது போதும் என்று இருந்தது எனக்கு.

குறுக்கு விசாரணையில் "அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே, எதற்கு இவ்வளவு ஃபீஸ் கட்டுகிற பள்ளி?" என்று கேட்டார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஞாபகம் வந்தது, எல்.கே.ஜி. சேர்க்கும்போது அப்பா கையெழுத்தும் வேண்டும் என்று பள்ளியில் சொல்ல, அவரே நேரில் வந்து போட்டார். அதைச் சொன்னேன். அந்தப் படிவத்தின் நகல் வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை பள்ளி ஆபீஸில் போய் நின்று வாங்கி வந்தேன். நோட்டில் கோடு போட்டு எழுதியபோது இந்த ஒரு வரி எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது சமரச மையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு கேட்பது?

பழைய குமாஸ்தா | 3-2-2025, காலை 6.20

நல்லது அம்மா. தொகையை நான் சொல்லக் கூடாது, ஒன்று மட்டும் சொல்கிறேன். ஃபீஸை மாதத் தொகையோடு சேர்த்துக் கேட்காமல் தனியாகப் பள்ளிக்கே கட்டச் சொல்லிப் பாருங்கள். கையில் கொடுத்தால் செலவு செய்துவிடுவாள் என்று நினைக்கிற ஆட்கள் பள்ளி கவுண்டரில் மறுக்காமல் கட்டுவார்கள், ரசீதும் அவர்கள் பெயரிலேயே வரும். மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு என்பதை விடாதீர்கள். தருவது நீதிபதி கையில், ஆனால் கேட்டால்தான் தருவார்கள். வருடா வருடம் எவ்வளவு ஏற வேண்டும் என்றும் இப்போதே எழுதிவிட்டால் இன்னொரு ஏழு வருடம் கழித்து நீங்கள் இதே படி ஏற வேண்டாம்.

பேசி முடித்தது காகிதமாகி, நீதிபதி முன்னால் போய், ஆர்டராக வர வேண்டும். சமரச மேஜையில் கை குலுக்கியதோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

வேலன் 77 | 9-3-2025, இரவு 10.00

என் கதையும் முடிந்தது. மனு போட்ட மாதத்திலிருந்து 6,500 ஆகக் குறைத்தார்கள். பழைய பாக்கியில் ஒரு பைசா குறையவில்லை, மாதம் 3,000 தவணையாகக் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஆக, இந்த வருடம் முழுக்க முன்பைவிட அதிகமாகத்தான் கட்டப்போகிறேன். அந்தப் பிப்ரவரியிலேயே போயிருந்தால் இந்தத் தவணை இருந்திருக்காது.

நெசவுக்காரன் | 9-3-2025, இரவு 10.25

6,500-ஆ? நான் கேள்விப்பட்டதே இல்லை, குறைத்ததாக. என் மனு பற்றித் தனிச் செய்தி அனுப்புகிறேன் தம்பி.

தாரா அம்மா | 16-6-2025, இரவு 9.10

சமரசம் நாலு தடவை உட்கார்ந்து முடிந்தது. மாதம் 7,500, அக்டோபர் 2024-இலிருந்து கணக்கு. ஃபீஸில் பாதியை ஜூன் முதல் வாரத்தில் அவரே பள்ளியில் கட்ட வேண்டும். வருடம் 500 ஏறும். நான் 9,000 கேட்டேன். அவருடைய பையனுக்கு இரண்டரை வயது, போட்டோ காட்டினார். மீதியை விட்டுக் கொடுத்தேன். வக்கீல் முறைத்தார்.

ஃபீஸைக் கட்டிவிட்டார், ரசீது என் போனுக்கே அனுப்பினார். மாதப் பணம் நேற்று வந்தது. 7,500. பத்தாம் தேதி என்று ஆர்டரில் இருக்கிறது, வந்தது பதினைந்தாம் தேதி.

பழைய குமாஸ்தா | 17-6-2025, காலை 6.10

சந்தோஷம் அம்மா. சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டாயிற்றா?

தாரா அம்மா | 17-6-2025, காலை 8.55

போட்டுவிட்டேன் ஐயா. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.